பிங்கோக் காசில் நடந்த வகுப்பு

நாட்டைவிட்டு வந்து மோர்னிங்சைட்டில் நாங்கள் குடியிருந்த மாடிக்கட்டடத்துப் பிள்ளைகளுக்காக ஒரு சனிக்கிழமை வகுப்பு நடந்தது. ஆங்கிலமும் கணக்கும். சண்டைக்குள்ளிருந்து வந்த பிள்ளைகளை இங்கத்தைப் பள்ளிக்கூடங்களில் வயதைப் பார்த்துத்தான் வகுப்பில் இருத்துவார்கள். பதினாறு வயதென்றால் பத்தாம் வகுப்பு. இடையில் வருசக்கணக்காகப் பள்ளிக்கூடத்தையே காணாத பிள்ளை, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும். அப்படியானதுகளைக் கைபிடித்து இழுத்துவிடத்தான் அந்த வகுப்பு.

அந்த வருசங்களில் மாகாண அரசாங்கம் படிப்புச் செலவை வெட்டத் தொடங்கியிருந்தது. சும்மா தந்த வகுப்பறைக்கு வாடகை கேட்டார்கள். எங்கள் பெற்றோர் சங்கம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது யாரோ பிங்கோ என்றார்கள், இலக்கம் கூப்பிடக் கூப்பிட அட்டையில் அடிக்கிற அந்தக் காசு விளையாட்டு. பொதுக்காரியம் செய்யும் சங்கங்களுக்கு நகரசபை லைசென்ஸ் கொடுக்கும். மாதத்தில் ஒரு பின்னேரம் எங்கள் ஆட்கள் பிங்கோ மண்டபத்தில் நின்று வேலை செய்தால் வருமானத்தில் ஒரு பங்கு வகுப்புக்கு வரும்.

கூட்டத்தில் ஒரு அங்கிள் எழும்பினார். "சூதாடின காசிலயோ பிள்ளையளுக்குப் படிப்பு?"

பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்: "நாங்கள் ஆடேல்லைத்தானே அங்கிள், ஆடுறவைக்கு அட்டைதானே விக்கிறம். கள்ளுக்கொட்டிலுக்குப் பக்கத்தில கடலை விக்கிறவன் குடிகாரனே?"

அங்கிளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விசயம் முடிந்தது.

நகரசபை ஒரு நிபந்தனை வைத்தது. யார் யார் மண்டபத்தில் நிற்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே பெயர் கொடுக்கவேண்டும். பெயர் கொடுத்த ஆள்தான் நிற்கலாம். நெஞ்சில் பெயரைக் குத்திக்கொண்டு நிற்கவேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒபிசர் வந்து பார்ப்பார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு என்னிடம் இருந்தது.

மண்டபம் முழுக்கச் சிகரெட் புகை. வீட்டுக்கு வந்தால், சட்டையைக் கழற்றிப்போட்டு உள்ளே வாங்கோ என்று மனுசி வாசலிலேயே மறிப்பாள். விளையாட வருகிறவர்கள் பெரும்பாலும் வயதுபோன வெள்ளைக்காரப் பெண்கள். எதிர்பார்த்த இலக்கம் வராவிட்டால் எங்களைத்தான் முறைப்பார்கள், நாங்கள் அதை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறமாதிரி.

எங்களில் கெட்டிக்காரி எங்கள் மாடியில் இருந்த ஒரு அக்கா. வென்றவரின் அட்டையை வாங்கி இலக்கங்களைத் திருப்பி வாசித்துச் சரிபார்ப்பது அவவின் வேலை. "இங்கிலிசில நான் முதல் படிச்சது பி ஒன்பதும் ஓ எழுபதும்தான் தம்பி" என்பா. அவவின் மகளும் அப்படிப் பதினாறு வயதில் வந்து பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை. புருசனுக்குத் தூரத்தில், மிசிசாகாவில் எயார்போர்ட் வேலை. வீட்டில் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அந்த வகுப்பு நின்றால் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவாள் என்று அக்கா பயந்துகொண்டே இருந்தா.

சண்டைக்கு அஞ்சி ஊரே இடம்பெயர்ந்து வன்னிக்குள் கிடந்த அந்தக் குளிர்காலத்தில் அக்காவின் அப்பா அங்கே இறந்துபோனார். செய்தி கொழும்பு வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தது. அந்தக் கிழமைதான் எங்கள் பிங்கோப் பின்னேரம். விசாரிக்கப் போன என்னிடம் அக்கா சொன்னா:

"நான் வரமாட்டன் தம்பி. செத்த வீட்டுத் துடக்கோட அந்தக் காசைத் தொடக்கூடாது."

"அக்கா, அது பிங்கோக் காசு."

"அங்க மேசையில கிடக்கேக்கை பிங்கோக் காசு. எங்கட கையுக்கு வந்தால் படிப்புக்குப் போற காசு. சரஸ்வதியின்ர சாமான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினா. "மச்சாள் வருவா. என்ர அப்பாவின்ர துடக்கு அவவுக்கில்லை. எங்கட வீட்டு ஆள்தானே."

மச்சாள் என்றது புருசனின் தங்கச்சியை. அதே வீட்டில்தான் இருந்தா. அக்காவின் பெயரைத் தன் கம்பளிச்சட்டையில் குத்திக்கொண்டு என்னோடு வந்தா. எங்கள் ஆட்கள் ஒருத்தருக்கும் அது பிழையாகப் படவில்லை. கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் வீட்டுக்கு ஒரு ஆள் தலைகாட்டினால் அந்த வீடே வந்ததாகத்தானே எடுப்போம். வேலை ஆளுக்குரியது என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அது வீட்டுக்குரியது.

அன்றைக்கென்று ஒபிசர் வந்தா. மழைக்கோட்டோடு ஒரு நடுத்தர வயதுப் பெண். மச்சாளின் நெஞ்சைப் பார்த்தா, முகத்தைப் பார்த்தா, இது நீங்கள்தானா என்று கேட்டா.

மச்சாள் பொய் சொல்லத் தெரியாத மனுசி. சிரித்துக்கொண்டு சொன்னா: "நோ, நோ. மை பிரதர் வைஃப். சேம் ஹவுஸ்."

ஒபிசர் சிரிக்கவில்லை. மச்சாளைக் கதிரையில் இருத்திவிட்டு என்னைக் கூப்பிட்டா. பின்னால் இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. துடக்கு என்பதை இங்கிலிசில் சொல்ல அன்றைக்கு நான் பட்ட பாடு! ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொல்ல, ஏதோ கதை கட்டுகிறவன்மாதிரி எனக்கே கேட்டது.

பிறகு நகரசபைக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். அக்கா தானே வந்தா. "இது கோயிலில்லைத்தானே" என்றா. அங்கேயும் அந்த ஒபிசர்தான். அப்பாவின் சாவைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டா. பிறகு சொன்னா: வேறொரு மண்டபத்தில் மற்றவர்களின் பெயரில் கூலிக்கு ஆட்களை நிறுத்தினார்கள், பிள்ளைகளுக்கென்று சேர்ந்த காசு பிள்ளைகளுக்குப் போகவே இல்லை. இன்றைக்கு உங்களுக்குக் கண்ணை மூடினால் நாளைக்கு வருகிறவனுக்கு நான் என்ன சொல்ல? வசந்தம் வரும்வரைக்கும் லைசென்ஸ் நிறுத்தம்.

நான் இருந்து மொழிபெயர்த்தேன். பிழை பிடிக்க அதில் ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் அக்கா கேட்டா:

"எங்களைக் கள்ளர் எண்டு சொன்னவவோ தம்பி?"

"இல்லை அக்கா. கள்ளர் வராமல் பாக்கிறதுதான் அவவின்ர வேலை."

"அப்ப என்னத்துக்கு எங்கட வகுப்பை நிப்பாட்டினவ?"

வகுப்பை அவ நிப்பாட்டவில்லை, லைசென்ஸைத்தான் நிப்பாட்டினவ என்று சொல்லலாம்தான். அந்த வித்தியாசம் அக்காவுக்கு எதற்கு?

சனத்திடம் காசு சேர்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள். யாரிடம் கேட்பது? அந்தக் குளிர்காலத்தில் கையில் மிஞ்சிய எல்லாம் வன்னிக்குப் போய்க்கொண்டிருந்தது. வாடகை கட்டமுடியாமல் அறையை விட்டோம். அதைக் கராத்தே வகுப்புக்காரர் எடுத்தார்கள். வாத்தியாருக்கு வேறிடத்தில் வேலை கிடைத்தது. இரண்டு குடும்பம் மலிவான வீடு தேடி அஜக்ஸுக்குப் போனது. அக்கா கூட்டம் கொண்டாட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து துடக்குக் கழிந்தபோது அவ போய் நிற்க மண்டபமும் இல்லை, மகளை அனுப்ப வகுப்பும் இல்லை. "அப்பா போனார், பிள்ளையின்ர படிப்பையும் கொண்டுபோனார்" என்று ஒருநாள் என் மனுசியிடம் சொன்னாவாம். அப்படி யோசிக்காதையுங்கோ என்று மனுசி சொல்ல, கதவைச் சாத்திவிட்டாவாம்.

பனி கரைந்தபிறகு ஒரு காலை லிஃப்டில் அக்காவின் மகளைக் கண்டேன். டோனட் கடைத் தொப்பியும் மண்ணிறச் சட்டையும் போட்டிருந்தாள்.

"பள்ளிக்கூடம் இல்லையோ பிள்ளை?"

"விட்டிட்டன் அங்கிள். அவையள் கதைக்கிறது விளங்குது, வாசிக்கத்தான் ஏலாது. சும்மா இருந்து என்ன செய்யிறது?" பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: "அங்கிள், கிளாஸ் திருப்பித் தொடங்குமோ? தொடங்கினா ஞாயிற்றுக்கிழமையா வையுங்கோ. சனிக்கிழமை எனக்கு ஷிஃப்ட்."

எங்களுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. அறையும் வாத்தியாரும்தான் இல்லை. லிஃப்ட் கதவைப் பிடித்து, வேலைக்குப் போகிறவளை முதலில் இறங்கவிட்டேன்.