ஒட்டுக்கேட்கும் செவ்வாய்க்கிழமை

கோபத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டு, பதறிப்போய் உடனே அதை நல்ல சொல்லாக மாற்றிச் சொன்னால், பலிப்பது முதலில் சொன்னதா, பிறகு சொன்னதா? எட்டு வயதில் என்னைப் பிடித்த இந்தக் கேள்விக்கு, சிதம்பரத்தில் ஒரு குழந்தைக்குத் தாயாகிவிட்ட இன்றும் என்னிடம் விடை இல்லை. எங்கேயாவது வறட்டி எரியும் புகை மூக்கில் ஏறினால் போதும், அப்போது நாங்கள் இருந்த மலையூர் நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்த ஊர் முழுக்க அந்தப் புகைதான்.

அப்பா சாலை போடும் கம்பெனியில் இன்ஜினீயர். திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்த எங்களை, வேலை கிடைத்த அசர்பைஜான் நாட்டு மலைக்கிராமத்துக்கு அழைத்துப்போனார். கீழ்வீட்டுக் கூரையே மேல்வீட்டு முற்றமாக இருக்கும்படி சரிவில் அடுக்கிய கல்வீடுகள். குளிருக்கு எரிக்கச் சுவரோரம் குவித்த வறட்டி. கீழே விழுந்த ரொட்டித் துண்டை எடுத்து முத்தமிட்டு உயரத்தில் வைக்கும் மனிதர்கள். பனி தொடங்கியதும் ஆண்களில் பலர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு அவர்கள் பேச்சு சீக்கிரமே பழகிவிட்டது. அம்மாவுக்கு வந்ததெல்லாம் 'சாய்', 'சாவோல்' இரண்டுதான்: தேநீர், நன்றி.

மார்ச் மாதம் அவர்களுடைய புத்தாண்டு, 'நவ்ரூஸ்'. அதற்கு முந்தைய கடைசிச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முற்றத்தில் தீ மூட்டித் தாண்டுவார்கள், பிள்ளைகள் வீட்டு வாசல்களில் தொப்பியை எறிந்துவிட்டு ஒளிந்துகொள்வார்கள், உள்ளே இருப்பவர்கள் அதில் பண்டங்களை நிரப்பி வைப்பார்கள். அன்றைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவோரம் நின்று கேட்க வேண்டும். காதில் விழும் முதல் பேச்சுதான் நினைத்த காரியத்துக்குப் பதில். அதனால் அந்த ஊரில் அன்று எந்த வீட்டிலும் யாரும் கடுஞ்சொல் பேசுவதில்லை.

இது எங்களுக்குத் தெரியாது. தவக்காலம்; அம்மா ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து தலைவலியோடு படுத்திருந்தாள். தொப்பி எறியப் போகிறேன் என்று நான் விடாமல் நச்சரிக்க, எழுந்து உட்கார்ந்து கத்தினாள்: "போனா அப்படியே போயிடு! திரும்பி இந்த வீட்டுக்கு வராத!"

கதவு மெல்லத் திறந்தது. மேல்வீட்டுக் குல்நார் 'பாஜி' நின்றிருந்தாள். பாஜி என்றால் அக்கா. பண்டிகைக்காகச் சமவெளியிலிருந்து கணவாய் வழியாக நடந்து வந்துகொண்டிருந்த கணவனை நினைத்துக்கொண்டு, அவள் எங்கள் கதவைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"உங்கம்மா என்ன சொன்னாங்க? சொன்னத சொன்னபடி சொல்லு" என்றாள் என்னிடம்.

பொய் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான், சொன்னபடியே சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

"என்னாடி இது, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறா?" என்று அம்மா கேட்க, குல்நாரிடம் கேட்டு, அன்றைய வழக்கத்தையும் அவள் வந்த காரணத்தையும் சொன்னேன். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "சேசுவே! அத ஏன்டி சொன்ன? என் வாயில மண்ணு விழ! மொதல்ல சொன்னது கணக்குல வராதுன்னு சொல்லு. அவள மறுபடியும் வெளிய நிக்கச் சொல்லு."

"என்னா, ரீடேக்கா?" என்று சிரித்தார் அப்பா.

"சும்மா இருங்க நீங்க. கத்துங்க!"

கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் கத்தினோம். "வாங்க வாங்க! நல்லபடியா வந்துட்டீங்களா! ஒக்காருங்க, சாப்புடுங்க!" அப்பா உற்சாகமாகி, "கறிக்கொழம்பு ரெடி!" என்றார், தவக்காலத்தில் கறியா என்று அம்மா முறைத்தாள். வெளியே வந்து நான் ஒவ்வொன்றாய் அவர்கள் மொழியில் சொல்ல, குல்நார் தலையாட்டிக் கேட்டாள், சிரிக்கவும் முயன்றாள். ஆனால் அவள் பார்வை கணவாய்ப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

அன்று இரவே பனிப்புயல் கணவாயை மூடியது. அடுத்து வந்த நாட்களில் அம்மா ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. மேல்வீட்டில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கூரையையே பார்த்தாள். கடைசியில் குல்நாரின் கணவன் வந்துவிட்டான், யாருடைய குதிரையிலோ சாய்ந்தபடி, உயிரோடு. இடது கால் விரல்கள் மட்டும் பனியில் கருத்துப்போயிருந்தன, அவற்றை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு அவன் ஆட்டு மந்தையோடு போகவேயில்லை.

"பிற்பாடு சொன்னது ஆளக் கொண்டாந்துச்சு, மொதல்ல சொன்னது வெரலத் தின்னுடுச்சு" என்று தண்ணீர்த் துறையில் பெண்கள் பேசிக்கொண்டதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. குல்நாரோ தட்டு நிறைய பக்லவா என்ற பண்டிகை இனிப்பைக் கொண்டுவந்து தந்தாள். அம்மா அதில் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

அந்த ஊரிலிருந்து பலரும் நகரத்துக்குப் போய்விட்டார்கள் என்று அப்பாவின் பழைய சிநேகிதர் சொல்கிறார். மிச்சம் இருப்பவர்கள் கையில் செல்போன் இருக்கிறது. போனவர் எங்கே வருகிறார் என்று கேட்டுக்கொள்கிறார்கள், கதவோரம் நிற்க யாருமில்லை. வழக்கம் போய்விட்டது, பயம் மட்டும் என்னோடு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

என் கணவர் கிள்ளைப் பக்கம் இறால் பண்ணைக்குப் பைக்கில் போய்வருகிறார். போன மாதம், விளையாட வரவில்லை என்ற கோபத்தில் எங்கள் ஐந்து வயது மகள், "போ, நீ வரவே வேணாம்!" என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டாள். நான் தெருவுக்கு ஓடி வண்டியை நிறுத்தி, அவளை இழுத்துவந்து, "சீக்கிரம் வாங்கப்பான்னு சொல்லுடி, சொல்லு!" என்று உலுக்கினேன். "கொழந்தைய ஏன்டி இப்படி மெரட்டுற? எனக்கு என்னா ஆவப்போவுது?" என்று கிளம்பிப்போனார், மாலையில் நல்லபடியாகத்தான் வந்தார்.

ஆனால் அன்றிலிருந்து அவர் புறப்படும் நேரத்தில் என் மகள் பேசுவதில்லை. பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "சொல்லால யாருக்கும் ஒண்ணும் ஆவாதுடி கண்ணு" என்று சொல்லிப் பார்த்தேன். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

நான் செய்தது தப்புதானோ, அன்று அவள் சொன்னதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்க வேண்டுமோ, இப்போது பேசாமல் இருந்தால் தானாகச் சரியாகிவிடுமோ, தெரியவில்லை. பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: நானே முழுதாக நம்பாத ஒன்றை, அவள் நம்பும்படி எப்படிச் சொல்வது?