குடிலில் பிடித்த தீயும் கதவடியில் கேட்ட செபமும்

பிறத்தியார் பிள்ளையை நெருப்போடு வீட்டுக்குள் விட்டுப் போனவள் நான். அதை மறைத்து, ஆண்டவர் செய்த நன்மையை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சிதான். எனக்கு எழுத்துக் கொஞ்சம்தான் வரும். மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

போன மார்கழி, நத்தாருக்கு முதல் நாள். ஊரை விட்டு வந்து, பலேர்மோ நகரத்தில் சீசாப் பக்கம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். பக்கத்து வீட்டு ரெஜினா வேலைக்குப் போகும்போது தன் மகள் அன்னாவை என்னிடம் விடுவாள். அன்னாவுக்கு நாலு வயது.

இங்கே இருக்கிற எங்கள் மன்னார்ச் சனத்துக்குள் என் நத்தார்க் குடிலுக்குப் பேர் இருந்தது. கோயிற் சனம் வீடு வீடாய்ப் போய்க் குடில் பார்க்கும். என் வீட்டில்தான் அதிக நேரம் நிற்கும். உண்மையான வைக்கோலில் கூரை, அதற்குக் கீழே பாலன், வெண்பனிக்குப் பஞ்சு. மன்னாரில் வெண்பனியை யார் கண்டது? ஆனாலும் வைப்போம்.

அன்று காலை ரெஜினா சின்ன விளக்கு மாலை ஒன்றை நீட்டினாள்.

"மேரியம்மா, வைக்கோலுக்குக் கிட்ட மெழுகுதிரி வேண்டாம். இது பட்டரியிலை எரியும், இதை வையுங்கோ."

"பாலனுக்குப் பட்டரி வெளிச்சமோ? நீ பிறக்க முன்னமே குடில் கட்டினவள் நான். போ, வேலைக்கு நேரமாகுது."

"நீங்கள் எப்ப ஆர் சொல்லுக் கேட்டனீங்கள்?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

பின்னேரம் அன்னா உள்ளறையில் நித்திரை. குடிலுக்கு முன்னால் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, கீழ்வீட்டில் இருக்கிற இந்த நாட்டு அம்மா, சிஞ்ஞோராவுக்குப் பலகாரம் கொண்டு போனேன். கொடுத்துவிட்டு உடனே வரத்தான் நினைத்தேன். அவர் பயத்தம் பணியாரத்தைக் கடித்துவிட்டு, இப்படி ஒன்று சாப்பிட்டதே இல்லை என்றார். புகழ்ச்சி எனக்கு இனித்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

புகை மணம் வந்தது. ஓடி ஏறினேன். என் கதவின் கீழால் புகை வந்துகொண்டிருந்தது. கதவை இழுத்துச் சாத்தியிருந்தேன். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு, அதைத் திறக்கிற திறப்பு உள்ளே.

கத்தினேன். கதவில் அடித்தேன். உள்ளே சத்தமே இல்லை. பின்னால் ஏறி வந்த சிஞ்ஞோரா தீயணைப்புப் படைக்குப் போன் அடித்துவிட்டு என் கையைப் பிடித்தார். "கத்தாதே மரியா, பிள்ளை பயந்து கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும்" என்றார்.

படியில் முழங்காலில் விழுந்தேன். இவ்வளவு காலம் நீளநீளமாகச் செபித்தவளுக்கு அன்று வந்தது ஒரு வரி. "ஆண்டவரே, என் வாயைப் பிடியும், நல்ல குரல் ஒன்று தாரும்."

தந்தார். கத்திக்கொண்டிருந்த என் வாயில் இருந்து தினமும் பின்னேரம் கூப்பிடுகிற அதே குரல் வந்தது.

"அன்னாக் குஞ்சு, செபம் சொல்ல வாங்கோ. நான் கதவுக்கு வெளியிலை நிக்கிறன். ஓடி வந்து கைப்பிடியை அமத்துங்கோ."

செபம் முடிந்தால் அவளுக்கு ஒரு இனிப்புக் கொடுப்பது வழக்கம். திரும்பவும் கூப்பிட்டேன். இருமல் கேட்டது. பிறகு சின்னக் காலடி. கைப்பிடி அசைந்தது. நழுவியது. திரும்பவும் அசைந்தது. கதவு திறந்தது.

"மேரியம்மா, கண் எரியுது. இனிப்பு எங்கை?"

அவளைத் தூக்கினேன். சிஞ்ஞோரா கதவைச் சாத்தினார். படை வந்து அணைத்தபோது முன்னறையில் குடிலும் இல்லை, திரைச்சீலையும் இல்லை. அன்னாவை ஆசுப்பத்திரியில் ஒரு இரவு வைத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. தேவனுக்கே மகிமை.

ரெஜினா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிள்ளையின் தலைமயிரை மணந்து மணந்து அழுதாள். அந்த அழுகை இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. கோயிற் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன், அவர் மன்னிப்புத் தந்தார். நான் இன்னும் எனக்குத் தரவில்லை.

இந்த வருஷம் என் குடில் கடதாசிப் பெட்டியில் கட்டியது. பட்டரி வெளிச்சம். குடில் பார்க்க வருகிறவர்கள் நிற்காமல் கெதியாய்ப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

சகோதரங்களே, உங்கள் துன்பத்தில் அவரைக் கூப்பிடுங்கள். என்னைப் போன்ற பெருமைக்காரிக்கே காது கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். ஆனால் வீட்டை விட்டு இறங்க முதல் மெழுகுதிரியை ஊதி அணையுங்கள். அதற்கு வேண்டிய மூச்சை அவர் அன்றைக்கும் எனக்குத் தந்துதான் இருந்தார்.