அலிமா பீவியின் கடைசிப் படம்

மேலப்பாளையத்தில் கல்யாண வீட்டுப் பெண்கள் பக்கம் படம் எடுக்க வேண்டுமென்றால் அஸீலாவைத்தான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாமல் பேசிப் பெண்ணைச் சிரிக்க வைப்பாள். கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் கேமராவை அவள் நம்புவதே இல்லை. அதற்குக் கண் உண்டு, புத்தி கிடையாது என்பாள். வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் கூடிப்போச்சென்று பயந்து படத்தை இருட்டாக்கும். கறுப்பைக் கண்டால் வேண்டாத வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளைக்கு ப்ளஸ், கறுப்புக்கு மைனஸ் என்று நாம்தான் திருகி வைக்க வேண்டும்.

அவ்வளவு தெரிந்தவள்தான் அன்றைக்குக் கோட்டை விட்டாள். அடுத்த வீட்டு அலிமா பீவி திடீரென்று மௌத்தானபோது மகன் சல்மான் ஃபாரிஸ் வெளிநாட்டில், தம்மாமில் வேலையில் இருந்தான். வேலைத்தளத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அவன் வெளியே வருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும். தம்பிக்கு முகத்தையாவது காட்டவேண்டும் என்று மகள் நஃபீஸத் கெஞ்சியதும் அஸீலா கேமராவோடு ஓடினாள். அவளுக்குச் சோறு ஊட்டி வளர்த்த மாமி அது. அழுகையை மறைக்க, கண்ணிலிருந்து கேமராவை எடுக்காமலே நின்றாள். முந்தின நாள் கறுப்புப் புர்கா போட்ட பெண்களுக்காக வைத்த மைனஸ் அப்படியே இருந்தது. வெள்ளைக் கஃபன் துணிக்கு நடுவில் மாமியின் முகம் கறுத்து விழுந்தது. அதைச் சரிபார்க்காமலே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் சல்மான், அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும் அஸீலாவுக்குப் போன் போட்டான். நல்லவர்கள் மௌத்தானால் முகம் ஒளியாக இருக்கும் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை. பெருநாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வராமல் போனதில் உம்மாவோடு சண்டை, அதோடு பேச்சும் நின்றிருந்தது.

"எம்மேல உள்ள வருத்தத்துலதான் உம்மா முகம் அப்படி ஆயிட்டு, லாத்தா."

அஸீலா அந்தப் படத்தைத் திறந்து பார்த்தாள்; மைனஸை மாற்றாமல் விட்டது அப்போதுதான் தெரிந்தது. கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டி அனுப்பினாள். வேண்டுமென்றே வெளுக்க வைத்ததாகச் சொல்லி அவன் நம்ப மறுத்தான். கடைசியில் அஸீலா தன் வெள்ளைத் தொழுகைத் துப்பட்டியைத் தலையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, மாமியைக் கிடத்தியிருந்த இடத்திலேயே படுத்தாள். மைனஸில் ஒன்று, ப்ளஸில் ஒன்று என்று நஃபீஸத்தை எடுக்கச் சொன்னாள். உயிரோடு இருக்கிற அவள் முகமே ஒன்றில் கறுத்திருந்தது. இரண்டையும் அனுப்பினாள்.

உடனே அவன் அழைத்தான்.

"கேமரா செஞ்ச வேலைன்னு புரியுது. நஃபீஸத் அக்கா என்னைத் தேத்த எதையும் சொல்லுவா. நீங்க சொல்லுங்க லாத்தா, உங்க கண்ணால பார்த்தீங்கள்லா? உம்மா முகம் எப்படி இருந்துச்சு?"

அந்த முகத்தை அஸீலா நேரே ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. கேமராவுக்குள் பார்த்ததும் கண்ணீரில் கலங்கித்தான் தெரிந்தது.

"ஒளியா இருந்துச்சு தம்பி. தூங்குத மாதிரி."

அவன் வெகுநேரம் அழுதுவிட்டுப் போனை வைத்தான். அஸீலா மெல்ல நஃபீஸத்தின் பக்கம் திரும்பி, மாமி முகம் நிசமாகவே எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"நான் எங்க பார்த்தேன்? தரையில விழுந்துல்லா அழுதுட்டுக் கெடந்தேன். நீதானட்டி படம் எடுத்த."

வேறு வழியில்லாமல் இருவரும் அந்தக் கறுத்த படத்தையே திறந்துவைத்துக்கொண்டு பார்த்தார்கள்.