சேதிக்காரருக்குச் செய்த மரியாதை

பிள்ளைகளே, போன வாரம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டு, பிளேக் காலத்தில் வீடு வீடாகப் போய்க் கஞ்சி ஊற்றினவர்களை மேடையில் ஏற்றி, ஆளுக்கொரு அச்சடித்த காகிதம் கொடுத்தார்கள். நீங்கள் மூன்று பேரும் கை தட்டிவிட்டு வந்து, "நம்ம லைன்ல இந்த மாதிரி யாருக்கும் செய்யலையா நைனா?" என்று கேட்டீர்கள். நான் வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன்.

செய்தோம். ஒருவருக்குச் செய்தோம். அது என் யோசனைதான். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரிகிறது, அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புவரை படித்தவன் எழுத்து. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நானும் என் அண்ணனும் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து தங்கச் சுரங்கத்து வேலைக்கு வந்து, பாலகாட் சுரங்கத்துக்குப் போகிற பாதையில் மூங்கில் தட்டி அடைத்த கூலி லைன் வீடு ஒன்றில் இருந்தோம். லைன் முழுக்க எங்களைப் போல வந்தவர்கள்தான். பெண்டு பிள்ளைகள் பெரும்பாலும் ஊரில். சுரங்கத்தில் ஒருவன் செத்தால் மறுநாளுக்குள் இங்கேயே புதைத்துவிடுவோம். அவன் ஊருக்குத் தெரிவிப்பதுதான் பெரும்பாடு. கார்டு எழுதிப் போடலாம். ஆனால் தபால்காரர் ஊர்த்தெருவோடு திரும்பிவிடுவார். நம் சேரிக்குள் கால் வைக்கமாட்டார். கார்டு மளிகைக் கடையில் கிடக்கும். உப்பு வாங்க வருகிறவளைப் பார்த்துக் கடைக்காரருக்கு ஞாபகம் வந்தால் அவள் பக்கம் தூக்கிப் போடுவார். வராவிட்டால் இல்லை. அப்படியே கைக்கு வந்தாலும் படிக்க ஆள் தேட வேண்டும்.

அதனால் எங்கள் லைனில் ஒருவர் தாமாகவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பாறையில் துளை போடுகிற வேலை அவருக்கு. முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான ஆள். யாரும் அவரை அனுப்பவில்லை, யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. ஒரு சாவு விழுந்தால் நாலைந்து நாள் வேலையை விட்டுவிட்டு, பவுரிங்பேட்டை வரை நடந்து, ரயிலேறி, இறங்கின இடத்திலிருந்து மறுபடி நடந்து, செத்தவன் வீட்டைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு வருவார். எல்லோரும் அவரைச் சேதிக்காரர் என்போம். கிளம்புவதற்கு முன்னால் செத்தவனோடு வேலை செய்தவர்களிடம் போய் உட்கார்ந்து, கடைசியாக என்ன சாப்பிட்டான், யாரைப் பற்றிப் பேசினான் என்று கேட்டுக்கொள்வார்.

"செத்துட்டான்னு சொல்றதுக்கு ஒரு வார்த்த போதும்டா. அப்பறம் அவங்க கேக்க ஆரம்பிப்பாங்க. ஒன்னியும் தெரியாம நின்னா நல்லாவா இருக்கும்?" என்பார்.

என் அண்ணன் சுரங்கத்துக்குள் நாலாம் லெவலில், அதாவது நாலாவது அடுக்கில், பாறை சரிந்து செத்தான். நான் அடுத்த ஷிஃப்ட்டில் இருந்தேன். ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டியவன் நான். எனக்குத் தைரியம் வரவில்லை. காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டேன். சேதிக்காரர் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும்.

"படுத்துக்கோ. நான் போயிட்டு வரேன். ஊட்டுக்கு வழி மட்டும் சொல்லு" என்றார்.

அவர் எப்படிச் சொன்னார் என்பதை அம்மா பின்னால் எனக்குச் சொன்னாள். வாசலில் நின்று முதலில் தண்ணீர் கேட்டாராம். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாராம். எந்த வீட்டிலும் அவர் அப்படித்தான். அம்மா கஞ்சி குடிக்கிறவரைக்கும், மறுநாள் மத்தியானம் வரைக்கும், எழுந்து போகவில்லை. "அந்தப் புண்ணியவான் இல்லன்னா நான் அன்னிக்கே கெணத்துல வுழுந்திருப்பேன்" என்றாள் அம்மா. "ஆனா ஒன்னு. இப்பல்லாம் சொரங்கத்து ஆளு எவனாச்சும் வந்து தண்ணி கேட்டா, இந்தப் பக்கத்துப் பொம்பளைங்களுக்கு ஒடம்பு நடுங்குது."

அம்மா சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான்.

எனக்கு அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. நான் படுத்துக்கொண்டதற்கு அது ஈடாகும் என்று நினைத்தேனோ என்னவோ. அந்த வருஷம் அம்மன் திருவிழாவுக்குக் கூட்டம் போட்டபோது, முதல் மரியாதையை மேஸ்திரிக்குப் பதிலாகச் சேதிக்காரருக்குச் செய்யலாம் என்று எழுந்து சொன்னேன். மேஸ்திரியே தலையாட்டினார். சேதிக்காரர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"செத்தவங்க பேர்ல நான் மால போட்டுக்கணுமா? வேற ஆளப் பாருங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. அவருக்குத் தெரியாமல் அவர் ஊருக்கே போய், அவர் பெண்சாதி (எங்களுக்கு அண்ணி முறை) கையில் மரியாதையைக் கொடுத்துவிட்டு வரலாம், சேரி முழுக்கப் பார்க்கட்டும் என்றேன். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. புதுப்புடவை, வெள்ளை வேட்டி, தலைப்பாகைத் துணி, தேங்காய், வெற்றிலை, மாலை எல்லாம் ஒரு கூடையில் வைத்தோம். நானும், எனக்கு மாமன் முறையாகிற ஒருவரும் போவதென்று முடிவாயிற்று. மாமா பறை அடிப்பதில் கெட்டிக்காரர், பறையையும் எடுத்துக்கொண்டார். நாங்கள் வருகிறோம் என்று சேதிக்காரர் வீட்டுக்கு நான் ஒரு கார்டு எழுதிப் போட்டேன். எந்தக் கார்டும் சேரிக்குப் போய்ச் சேராது என்பதற்காகத்தான் ஒரு மனுஷன் இத்தனை காலம் நடந்தார். அது எனக்குத் தோன்றவில்லை. எழுதத் தெரிந்தவன் என்கிற மிதப்பு.

வழியெல்லாம் மாமா சிரிக்க வைத்துக்கொண்டே வந்தார். "இந்தத் தலப்பாகத் துணி பத்தாதுடா. அவரு தல பூசணிக்கா மாதிரி. நீயும் உன் துண்ட அவுத்துக் குடுக்கவேண்டியதுதான்" என்றார்.

"நீ சும்மா வா மாமா. அங்க வந்து அண்ணி முன்னாடி இப்டிப் பேசாத."

"நான் ஏன்டா பேசறேன்? மோளந்தான் பேசும்."

ரயிலை விட்டு இறங்கி வெயிலில் ஆறேழு மைல் நடந்தோம். சேரிக்குள் நுழைந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சேதிக்காரர் வீட்டை ஒரு கிழவர் காட்டினார். அண்ணி வாசலில் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பெரியவன் ஐந்து வயது, சின்னப்பெண் அப்போதுதான் நடக்கப் பழகுகிறது. எங்களைப் பார்த்ததும் முறம் நின்றது. சுரங்கத்து ஆட்களை நடையிலேயே தெரிந்துவிடும்.

நான் வணக்கம் சொல்லவில்லை. எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லவில்லை. எனக்குத் தாகம்.

"அண்ணி, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள், மேலே வெள்ளை வேட்டி தெரிந்தது. எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் குடித்து முடிக்கிறவரை நின்றாள். சொம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "எப்ப?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை. நான் விழித்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்னாலிருந்த மாமா, மரியாதை தொடங்கிவிட்டது என்று எண்ணி, பறையை ஓங்கி ஒரு அடி அடித்தார்.

அவள் இரண்டு கைகளையும் வாசற்காலில் மோதினாள். கண்ணாடி வளையல்கள் நொறுங்கி விழுந்தன. புறங்கையால் பொட்டைத் தேய்த்தாள். கையிலிருந்த ரத்தம் நெற்றியில் பட்டது. தெருவிலிருந்த பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் தெருவிலேயே இரண்டு வீட்டுக்குச் சேதிக்காரர் சேதி கொண்டுவந்திருக்கிறார். எப்படி வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"அவரு நல்லாக்கீறாரு! உயிரோட கீறாரு!" என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. மாமா பறையை வீசிவிட்டு ஒவ்வொருத்தியாக இழுத்து, "சாவு இல்லம்மா, மரியாத, மரியாத" என்று அழுதுகொண்டே சொன்னார். ஒருவழியாகச் சத்தம் அடங்கியது. எங்களுக்கு வீடு காட்டிய கிழவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மரியாத செய்ற மூஞ்சிங்களப் பாரு" என்று காறித் துப்பினார்.

அண்ணி நம்பவில்லை.

"அவரும் மொதல்ல இப்டித்தான் சொல்லுவாரு. லேசா அடிபட்டுக்கீது, ஆஸ்பத்திரில கீறாருன்னு. அப்பறந்தான் மெதுவா வாயத் தொறப்பாரு. என்கிட்டயே சொல்லிக்கீறாரு."

"சத்தியமா அண்ணி. காலை ஷிஃப்ட்டுக்கு எறங்கினத நான் என் கண்ணால பாத்தேன்."

"எறங்கினதப் பாத்தே. ஏறினதப் பாத்தியா?"

பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இருந்த சேலையோடு எங்களுக்கு முன்னால் நடந்தாள். ரயிலேறினோம். அவள் கையில் கட்டியிருந்த துணியில் ரத்தம் காய்ந்து போயிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு தெலுங்குக்கார அம்மாள் அவளைப் பார்த்துவிட்டுத் தன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் சுரங்கத்துக்குள் இறங்குகிற சாஃப்ட் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஆட்களை ஏற்றிவருகிற கேஜ் கூண்டு மேலே வர வர ஆட்கள் இறங்கினார்கள்; எல்லோர் முகமும் ஒரே புழுதி நிறம். அண்ணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மூன்றாவது தடவை வந்த கேஜில் அவர் இருந்தார்.

அவர்தான் முதலில் அவளைப் பார்த்தார். வெறும் கை, பொட்டில்லாத நெற்றி, பக்கத்தில் குழந்தைகள் இல்லை. ஊரிலிருந்து தனியாக வந்து நிற்கிறாள். எத்தனையோ வீட்டு வாசலில் நின்றவர் அல்லவா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரியவனா, சின்னதா?" என்று கேட்டார்.

அண்ணி கிட்டே போனாள். குனிந்து அவர் முகத்திலிருந்த புழுதியைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். நான்தான் சொன்னேன்: "ரெண்டும் நல்லாக்கீதுங்க அண்ணா. தப்பு நடந்துபோச்சி." அவர் என்னைப் பார்த்தார். வாடின மாலை கூடைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார்.

"தண்ணி கேட்டியா?"

"கேட்டேன் அண்ணா."

எழுந்து அண்ணியைக் கூட்டிக்கொண்டு லைனுக்கு நடந்தார். என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம்.

மறுநாள் வளையல்காரரை அழைத்து அண்ணி கைக்கு வளையல் போட்டார்கள். பிள்ளைகளையும் கூட்டிவந்துவிட்டார்கள். அண்ணி அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் லைன் முனைக்கு வந்து நிற்பாள். அவர் வந்ததும் பின்னாலேயே நடந்து போவாள்.

சில மாதம் கழித்து, குப்பம் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் பாறைக்கு வைத்த வெடியில் செத்தான். எல்லோரும் வழக்கம்போல் சேதிக்காரர் வீட்டு முன்னால் போய் நின்றார்கள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தார். அங்கேயே குந்திவிட்டார்.

"என்னால ஆவாதுப்பா. எந்த வாசலுக்குப் போனாலும் இவதான் நிப்பா" என்றார்.

யாரும் வற்புறுத்தவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போயிருக்க வேண்டும். அந்தப் பையனுக்காகவும், என் அண்ணனுக்காகவும் போயிருக்க வேண்டும். நான் மறுபடி ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

இரண்டு மாதம் ஆயிற்று. பனி விழ ஆரம்பித்த ஒரு நாள் காலையில், அந்தப் பையனுடைய தகப்பனார் லைனுக்குள் வந்தார். தலையில் ஒரு மூட்டை, தோளில் புதுக்கம்பளி. நடந்தே வந்திருக்கிறார்.

"எங்க பையன் ஊடு எதுங்க? குளிரு காலம் வந்திடுச்சி, கம்பளி இல்லாம கெடப்பான்னு கொண்டாந்தேன். அவன் ஷிஃப்ட்டு எப்ப முடியும்?" என்று என்னிடம்தான் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். சுற்றி நின்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்த அண்ணி எங்கள் முகங்களைப் பார்த்தாள், அவர் தோளிலிருந்த கம்பளியைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் போனாள்.

"மூட்டைய எறக்குங்க நைனா. இப்டி ஒக்காருங்க."

அவரை உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள்தான் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. கிழவர் அழவில்லை. திரும்பத் திரும்ப, "சேதி ஒன்னும் வரலியே, சேதி ஒன்னும் வரலியே" என்றார். சேதிக்காரர் தம் வீட்டு வாசலில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

பிள்ளைகளே, அதற்கு அப்புறம் சாவு விழுந்தால் நானே போனேன். எத்தனை வீடு என்று உங்கள் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. நன்றாகச் செய்தேன் என்றும் சொல்லமாட்டேன். யாராவது அதற்காகக் காகிதம் கொடுக்க வந்தால் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

கம்பளி கொண்டுவந்த அன்றைக்குச் சாயங்காலம், கிழவர் மகனைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நான்தான் கூட்டிப்போனேன். மழையில் மேடுகள் கரைந்து ஒன்றோடொன்று கலந்திருந்தன. யாரும் அடையாளம் வைக்கவில்லை. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றைக் கை காட்டினேன். அவர் கம்பளியைத் தோளிலிருந்து எடுத்து, மடிப்பைப் பிரித்து, அந்த மண்ணின் மேல் நாலு மூலையும் இழுத்துப் போர்த்தினார். அது வேறொருவனாக இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை.