எல்லாம் நல்லா இருக்கு

எங்கள் வீட்டில் போனுக்கு ஒரு சட்டம் உண்டு. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; துபாயில் லாரி ஓட்டுகிறார். அவர் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் முதலில் "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தபோதும் அப்படித்தான் சொன்னோம். கடல் தாண்டி இருக்கிற மனுசனைக் கலங்கடிக்கக் கூடாதாம்.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். திருப்பாலைக்குடியில், எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிகளுக்கான முன்பதிவு மென்பொருளைச் சோதிக்கிற வேலை. குழுத்தலைவி போலந்தில், புரோகிராம் எழுதுகிறவர் மணிலாவில். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. நான் சரி என்றால்தான் எதுவும் வெளியாகும்.

ஒருநாள் காற்று மழையில் மதியம் முழுக்கக் கரண்ட் இல்லை. பாதிச் சோதனைதான் முடிந்திருந்தது. மாலை இணையக் கூட்டத்தில் தலைவி கேட்டதும் என் வாய் தன்பாட்டுக்கு எல்லாம் சரி என்றது. மறுநாள் காலை ஒரு நோயாளியாலும் பதிவு செய்ய முடியவில்லை.

தலைவி தனியாக அழைத்தாள். கரண்ட் போனதைச் சொன்னேன். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. "கரண்ட் போனது உன் குற்றமில்லை. ஆனால் நீ சரி என்று சொல்வதை இனி எப்படி நம்புவது?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வெளியீடு வரை பார்த்துவிட்டு, நான் குழுவில் இருப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதாகவும் சொன்னாள். அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அழுது என்ன ஆகப்போகிறது? மறுநாளே ஆரம்பித்தேன். கூட்டத்தில் என் முதல் பேச்சே வில்லங்கங்கள்தான். இது முடியவில்லை, அது புரியவில்லை, இன்று காற்று பலம், கரண்ட் போகலாம். வானிலை அறிக்கை வந்தாச்சு என்று மணிலாக்காரர் கிண்டலடித்தார். அடிக்கட்டும். வெளியீட்டன்று எல்லோரும் காத்திருக்க, சரியில்லை, நிறுத்துங்கள் என்றேன். மென்பொருள் ஒரே நேரத்தை இரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. மணிலாக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தேடி, தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் கழித்து நான் சரி என்றதும், தலைவி மறுகேள்வி கேட்காமல் வெளியிட்டாள். இனி என்னை அசைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அத்தா கூப்பிட்டார். வழக்கம்போலச் சொல்லச் சொல்லி அம்மா கண்ணால் ஜாடை காட்டினாள். நான் கேட்கவில்லை.

"அத்தா, அம்மாவுக்கு முட்டுவலி ஜாஸ்தியாயிருச்சு. படி ஏற முடியல. நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

அத்தா மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் ரெண்டு மாசமா வலது கண்ணு மங்கலாத்தாம்மா தெரியுது. நீங்க பதறுவீகன்னு சொல்லல."

இன்றிலிருந்து வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவர் ஊருக்கு வர நானே டிக்கெட் போட்டேன்.