பென்சிலால் வெட்டிய வரிகள்

வாசிப்புப் பந்திகள் ஐந்து வகைப்படும் என்பது பத்து வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கரையில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற தலைக்கனமும் கூடவே இருந்தது. போர் முடிந்து, மீள்குடியேறி வந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த காலம். வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது. கூரையில் பாதி தகரம், பாதி தறப்பாள். மீதித் தகரத்துக்காகவும் அப்பாவின் படகுக்கு ஓர் இயந்திரத்துக்காகவும் அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். முல்லைத்தீவுக் கரையில் அன்றைக்கு அப்படிப் போன அம்மாக்கள் பலர். யாருடைய அம்மா எந்த நாட்டில் என்பதை வைத்தே வகுப்பில் நாங்கள் உலகப்படம் படித்துக்கொண்டோம்.

போகிற அன்று அம்மா என் தலையை இழுத்துப் பின்னியபடி சொன்னது ஒன்றுதான்.

"நல்லாப் படிச்சுப் பாஸ் பண்ணு பிள்ளை. அம்மா ஓடி வந்திடுவன்."

தாய்மார் எல்லாரும் சொல்கிற ஆறுதல்தான். நான் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நான் பாஸ் பண்ணினால் அம்மா வந்துவிடுவார். அதற்குப் பிறகு ஊரில் எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். கெட்டித்தனம் ஒன்றுமில்லை. எனக்கு அம்மா வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, இன்றைக்கு வீட்டுக்குள்ளிருந்து சட்டிச் சத்தம் கேட்காதா என்று படலையடியில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவேன். ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனாலும் நின்றேன்.

கணக்கு வந்தது, சுற்றாடல் வந்தது, பந்தி மட்டும் வரவில்லை. பரீட்சையில் ஒரு பந்தியைத் தந்து கீழே ஐந்து கேள்வி கேட்பார்கள். நான் வாசிக்கத் தொடங்கினால் அதற்குள்ளேயே விழுந்துவிடுவேன். தாயைத் தவறவிட்ட யானைக்குட்டியைப் பற்றிய பந்தி என்றால், குட்டி அன்று என்ன சாப்பிட்டிருக்கும், எங்கே படுத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மணி அடித்துவிடும். கேள்விகள் கீழே அப்படியே வெறுமையாகக் கிடக்கும்.

அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். கையெழுத்து வைப்பார், பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களைப் படம் பார்ப்பதுபோல அடையாளம் பிடிப்பார். அதற்குமேல் எழுத்தோடு அவருக்குப் பழக்கம் இல்லை. ஆனால் என் விடைத்தாளில் சிவப்பு எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். யாரையோ விசாரித்து, சனிக்கிழமைகளில் புதுக்குடியிருப்புக்கு ரியூசனுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். அன்றைய தொழிலை விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை எதிரேயிருந்த சைக்கிள் கடை வாசலில் குந்திக்கொண்டிருப்பார்.

ரீச்சருக்குச் சின்ன வயது, பெரிய குரல். முதல் நாளே என் வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பந்தியைக் கண்டோன விழுந்தடிச்சு வாசிக்கிறேல்லை. முதல் கேள்வியைப் பாருங்கோ. பிறகு பந்தி என்ன வகை எண்டு பிடியுங்கோ. கேள்விக்குத் தேவையில்லாத வசனத்தைப் பென்சிலால வெட்டுங்கோ. மிச்சம் நிக்கிறதுதான் விடை."

வகை பிடிப்பதற்கு அடையாளச் சொற்கள் தந்தார். முதலில், பின்னர், ஈற்றில் என்று வந்தால் வரிசையாகச் சொல்லும் பந்தி. ஆகையால், இதனால் என்று வந்தால் காரணமும் விளைவும். ஆனால், மாறாக என்று வந்தால் இரண்டை ஒப்பிடுகிறார்கள். ஒரு கஷ்டத்தைச் சொல்லி, கடைசியில் அதற்கு வழியும் சொன்னால் பிரச்சினையும் தீர்வும். இந்தச் சொற்கள் ஒன்றுமில்லாமல் மரம், வானம், பறவை என்று போய்க்கொண்டிருந்தால் அது வர்ணனை. வர்ணனையில் விடை கொஞ்சமாகத்தான் இருக்கும், தாராளமாக வெட்டலாம் என்றார்.

எனக்கு இது சட்டென்று பிடித்துக்கொண்டது. அம்மா கொக்கிளாய்க் களப்புக் கரையில் பிறந்தவர். களப்பு இறால் வந்து குவிந்தால் பாசி வேறு, நண்டுக்குஞ்சு வேறு, பெரியது வேறு, சிறியது வேறு என்று அவர் கை பிரிக்கும் வேகத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவள். அவர் குவியலைப் பிரித்தார், நான் வசனங்களைப் பிரித்தேன். மூன்றாவது மாதம் பந்தியில் இருபதுக்கு இருபது. அப்பா விடைத்தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சிவப்பாக ஒரு இலக்கம் மட்டும்தான் இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு இரண்டு ஐஸ்பழம் வாங்கித் தந்தார்.

அந்த நாட்களில்தான் அம்மாவின் கடிதம் வந்தது.

மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவார். அது பேச்சில்லை. இந்தப் பக்கம் அயலட்டை எல்லாம் போனைச் சுற்றி நிற்கும், அந்தப் பக்கம் வேலை வீட்டு எசமானி மடம் நிற்பார். சுகமோ, ஓம் சுகம், சாப்பிட்டனியோ, ஓம் சாப்பிட்டன் என்பதற்குள் முடிந்துவிடும். கதைக்க வேண்டியதெல்லாம் கடிதத்தில்தான் வரும். அப்பா கரையால் வந்து, கால் கழுவி, ஒரு சேட் எடுத்துப் போட்டுக்கொண்டு முற்றத்துக் கதிரையில் இருப்பார். மற்ற நேரங்களில் வெறும் மேலோடு திரிகிற மனிதர், கடிதம் கேட்பதற்கு மட்டும் சேட் போடுவார். நான் நின்றுகொண்டு வாசிப்பேன். கடிதம் எப்போதும் "அன்பு மகளுக்கு" என்றுதான் தொடங்கும். அப்பாவுக்கு எழுதினாலும் என் வாயால்தான் அவர் கேட்க வேண்டும். பிள்ளையின் வாயால் புருஷனுக்கு எதைச் சொல்வது? அதனால் அப்பாவுக்கு உரியதையும் அம்மா எனக்குச் சொல்வதுபோலவே எழுதுவார். இது எனக்கு அன்று தெரியாது.

அந்தக் கடிதம் நான்கு பக்கம். மேலே சின்னச் சிலுவை அடையாளம், கீழே நெருக்கி நெருக்கி எழுத்து. அப்பா கரையில் இருந்தார். நான் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியைப் பார்க்க வேண்டும். கடிதத்துக்குக் கீழே கேள்விகள் இல்லை. ஆகவே நானே போட்டுக்கொண்டேன். அம்மா சுகமாக இருக்கிறாரா? எப்போது வருவார்? எனக்கு என்ன வாங்கியிருக்கிறார்? பிறகு வகை பிடிக்கத் தேடினேன். ஆகையாலும் இல்லை, மாறாகவும் இல்லை. மதில், வானம், புறா என்று போயிருந்தது. வர்ணனை. தாராளமாக வெட்டினேன்.

அப்பா வந்து சேட் போட்டுக்கொண்டு இருந்தார். நான் நிமிர்ந்து நின்று, வெட்டாமல் விட்டதை வாசித்தேன். நான் இங்கு நல்ல சுகம். வேலை பழகிவிட்டது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. உனக்கு ஒரு பென்சில் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். நன்றாகப் படி.

அப்பா இன்னும் வரும் என்று காத்திருந்தார். நான் தாள்களை மடித்தேன்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அப்பா."

"நாலு பக்கம் கிடக்கு. இவ்வளவுதானோ எழுதினவா?"

"மற்றதெல்லாம் வர்ணனை அப்பா. தேவையில்லை."

அவர் கையை நீட்டித் தாள்களை வாங்கினார். விடைத்தாளைப் பார்த்ததுபோலவே முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பென்சில் கோடுகளின் மேல் பெருவிரலை வைத்து மெல்ல ஓட்டினார்.

"இதென்ன, வெட்டிக் கிடக்கு?"

"ரீச்சர் சொல்லித் தந்தவா. இப்பிடித்தான் வாசிக்க வேணும்."

ரீச்சர் என்றதும் அப்பா கோடுகளிலிருந்து விரலை எடுத்தார். தாள்களை என்னிடம் திருப்பித் தந்தார். சேட்டின் பொத்தானைக் கழற்றியபடி கேட்டார்.

"எனக்கெண்டு ஒண்டும் எழுதேல்லையோ?"

நான் தாளைப் பிரித்து, வெட்டாத வரிகளை நேர்மையாக இன்னொருமுறை பார்த்தேன். "இல்லை அப்பா" என்றேன்.

அடுத்த நாள் பதில் எழுதினோம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவதுதான் வழக்கம். அன்று அவருக்குச் சொல்ல அதிகம் வரவில்லை. "அவா சுகமா இருக்கிறாவெண்டால் நல்லது. நாங்களும் சுகமெண்டு எழுது. அவசரப்படாமல் ஆறுதலா இருந்து முடிச்சிட்டு வரச் சொல்லு" என்றார். நான் அதை அழகான எழுத்தில் எழுதினேன். கீழே எனக்குப் பந்தியில் இருபதுக்கு இருபது என்பதையும் சேர்த்தேன். அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

பரீட்சையில் பாஸ் பண்ணினேன். பள்ளிக்கூடத்தில் மாலை போட்டார்கள். அம்மா வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, இன்னொரு ஒப்பந்தம் வைத்தார். வரும்போது நான் ஒன்பதாம் வகுப்பு, அவரைவிட ஒரு விரற்கடை உயரம். வந்த நாளிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஒருவருக்கொருவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். சண்டை கிடையாது. சாப்பாடு வேளைக்கு வரும், மீன் வேளைக்கு வரும். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்த இரண்டு பேரைப்போல இருந்தார்கள். நெடுநாள் பிரிவு அப்படித்தான் செய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது நான் வவுனியாவில் வேலை செய்கிறேன். போன வருடம் லீவில் வீட்டுக்கு வந்தபோது, பிறப்புச் சான்றிதழ் தேடி அலுமாரியைக் கிளறினேன். அடித்தட்டில் அந்த நான்கு பக்கமும் கிடந்தன. பென்சில் கோடு மெல்லியது. அதற்குக் கீழே அம்மாவின் எழுத்து நன்றாகத் தெரிந்தது. கேள்வி ஒன்றும் கையில் இல்லாமல் முதல் தடவையாக வாசித்தேன்.

"இஞ்ச குசினி பெரிசு. யன்னலைத் திறந்தால் மதில்தான். மதிலுக்கு மேலால ஒரு முழம் வானம் தெரியும். பின்னேரத்தில புறா போகும், பாத்துக்கொண்டு நிப்பன். படுக்கையும் குசினிக்குள்ளதான். மீன் ஐஸ் பெட்டியில வரும். அதைக் கழுவேக்க எனக்கு அழுகை வரும். அப்பா கரைவலை இழுக்கேக்க இப்பவும் அம்பா பாடுறவரோ? படுத்தால் எனக்கு அந்தப் பாட்டுத்தான் கேக்கும்." இதற்குப் பக்கத்தில் என் குண்டு எழுத்தில் "வர்ணனை" என்று எழுதியிருந்தது.

கடைசிப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம். "என்னோட நிண்ட சிலாபத்துப் பிள்ளை போன மாதம் வீட்டை போயிட்டாள். அவளின்ர மனிசன் அங்க, அவளை அனுப்பின ஏஜென்சிக்குப் போய், எனக்கு என்ர மனிசி வேணும் எண்டு சொல்லிக்கொண்டு வாசலிலேயே இருந்தவராம். அவளை விட்டிட்டினம். நல்ல மனிசன்." இதற்குப் பக்கத்தில் "வேறு ஆள்" என்று எழுதி, இரண்டு கோடாக வெட்டியிருந்தேன்.

பிரச்சினையும் இருந்தது, தீர்வும் இருந்தது. அடையாளச் சொல்தான் இல்லை. இதை அன்று நான் அப்படியே வாசித்திருந்தால் அப்பா அடுத்த பஸ்ஸில் போயிருப்பார். எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமையும் தவறாமல் சைக்கிள் கடை வாசலில் குந்தியிருந்த மனிதர், ஏஜென்சி வாசலிலா இருந்திருக்கமாட்டார்? ரீச்சரில் ஒரு பிழையும் இல்லை. அவர் பரீட்சைக்குத்தான் சொல்லித் தந்தார்.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். கையில் என்ன என்று தெரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு சிரித்தார்.

"அது இன்னும் கிடக்கே? என்ன விசர்க் கதையெல்லாம் எழுதினன். அப்பாவும் பாவம், எல்லாத்தையும் கேட்டிட்டு, ஆறுதலா வா எண்டவர்."

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போனார். இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்தேன். ஒருநாள் அப்பாவைச் சேட் போட்டுக்கொண்டு முற்றத்தில் வந்து இருக்கச் சொல்ல வேண்டும், அம்மாவையும் கூப்பிட வேண்டும். இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய், அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறேன்.

அலுமாரியில் அதோடு மடித்து அம்மாவின் அடுத்த கடிதமும் கிடந்தது. எங்கள் பதில் போய்ச் சேர்ந்தபின் வந்தது. அது வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றும் நான் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அரைப் பக்கம்தான். நான் சுகம். வேலை சுகம். அப்பாவின் சொற்படி ஆறுதலாக முடித்துவிட்டு வருகிறேன். நீ படி. மதில் இல்லை, புறா இல்லை, அப்பாவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வெட்டுவதற்கு ஒரு வசனம்கூட இருக்கவில்லை. அம்மாவும் எழுதப் பழகிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பென்சிலை வைத்துவிட்டு, சிவப்புப் பேனையை எடுத்து, தாளின் மூலையில் பெரிதாக ஒரு சரி போட்டேன்.