க்ரூ ஜங்ஷனில் இரண்டு டீ

இரண்டு கைகளிலும் டீக் கோப்பைகள், எதிரே மூடிக்கொண்ட ரயில் கதவு, கண்ணாடிக்கு அப்பால் என் மனைவியின் முகம். இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில், க்ரூ ஜங்ஷனில் ஒரு நாள் நான் அப்படி நின்றேன். ஜங்ஷன் என்றால் வண்டி சாவகாசமாக நிற்கும் என்பது ஈரோட்டுக்காரனான என் அசைக்க முடியாத நம்பிக்கை. எங்கள் ஊரில் இறங்கி, தண்ணீர் பிடித்து, டீ குடித்து, தெரிந்தவரிடம் நலம் விசாரித்துவிட்டுக்கூட ஏறலாம். க்ரூவும் அந்தக் காலத்துப் பெரிய ஜங்ஷன்தானே என்று இறங்கிவிட்டேன். அந்த ஊர் ரயிலுக்கு நம் வழக்கமெல்லாம் தெரியவில்லை.

அவள் ஊரிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கையில் போன் கிடையாது. இருவர் டிக்கெட்டும் என் சட்டைப்பையில். நாங்கள் போய்க்கொண்டிருந்த வேல்ஸில் எந்த ஊரில் இறங்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியாது.

நடைமேடை மேற்பார்வையாளராக இருந்த அம்மையார் என் உளறலைக் கேட்டுச் சிரிக்கவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த என்னைத் தன் அறைக்கு அழைத்துப்போய் ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அந்த ரயிலின் கார்டுக்குப் போன் செய்தார். கார்டு பெட்டி பெட்டியாகத் தேடிய நேரத்தில், என்னைத் தேற்றத்தான் போலும், ஊர்க்கதை சொன்னார். முன்பு இங்கே வயல்கள்தானாம். லண்டன், மான்செஸ்டர், லிவர்பூல், வேல்ஸ் என்று நாலாபக்கத்துத் தண்டவாளங்களும் வந்து சேர்ந்த பிறகு, ரயில் கம்பெனி பட்டறையும் தொழிலாளர் வீடுகளும் கட்ட, ஸ்டேஷனைச் சுற்றி ஊர் உண்டானதாம். "வண்டி மாறுகிறவர்களால் பிழைக்கும் ஊர் இது. யாரையும் தொலைத்துவிட மாட்டோம்" என்றார். அந்தப் பேச்சுதான் அன்று என்னைத் தாங்கியது. இன்றும் அவரை நினைத்தால் மனசு நெகிழ்கிறது.

கார்டு அவளைக் கண்டுபிடித்ததும் அம்மையார் போனை என்னிடம் கொடுத்தார். "அடுத்தது செஸ்டர். அங்க எறங்கி பெஞ்சுல உக்காரு. நான் பின்னாலயே வந்தர்றேன்" என்றேன். பதிலுக்கு அழுகை மட்டும் கேட்டது. அடுத்த வண்டியில் அவரே என்னை ஏற்றிவிட்டார். செஸ்டரில் பைகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்தவள், "ஜங்ஷன்னா நிக்கும்னு சொன்னீங்களேங்க?" என்றாள்.

இப்போது டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் இருக்கிறோம். எங்கே போனாலும் கார்தான். ஃப்ரீவேயில் காபிக்கு நிறுத்தினால் அவள் முதல் காரியமாகச் சாவியை வாங்கிக்கொள்வாள். போன வாரம் அப்படி வாங்கியபோது மகள் காரணம் கேட்க, முழுக்கதையையும் சொன்னேன்.

"அம்மா, வேர் யூ ஸ்கேர்ட்?" என்று கேட்டாள் மகள்.

"பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அழுதது அதுக்கில்ல. உங்கப்பா கோட்டு என் பக்கத்து சீட்டுல கெடந்துச்சு. அந்தக் குளிருல வெறும் சட்டையோட நிப்பாரேன்னுதான் அழுதேன்."

இத்தனை வருஷமும் அந்த அழுகையை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். அவள் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஹீட்டர்கிட்ட உக்கார வெச்சாங்களே அந்தம்மா, அவங்க மகராசியா இருக்கோணும்."